செங்கோடனைக் கொல்ல ஆறு மாதம்

மனமேசை ஆட்டத்தில் செத்தவர்கள் திரும்பி வருவதில்லை. ஆடுபவர் மணிக்கட்டில் கட்டும் நாடிப்பட்டி வழியாக அவர் மனத்தைப் படித்து, மேசை ஒரு பாத்திரத்தை வருடக்கணக்கில் வளர்க்கும். சாண் உயர ஒளியுருவாக அது மேசைமேல் நடக்கும், பேசும், பழையதை நினைத்துக்கொள்ளும். செத்தால் அத்தனையும் அழிந்துவிடும்.

மதிவதனியின் கொற்றி ஏழு வருடம் வாழ்ந்தவள். எபனேசர் தன் பாத்திரமான செங்கோடனைக் கொண்டு அவளை மலையுச்சியிலிருந்து தள்ளிவிட்டான். "சும்மா ஒரு தமாசுக்குத்தான்ட்டி" என்று பல்லைக் காட்டினான். அந்தச் சிரிப்பை மதிவதனி மறக்கவில்லை. செங்கோடன் சாக வேண்டும், எபனேசர் எல்லார் முன்னாலும் அழ வேண்டும். பாளையங்கோட்டையில் ஞாயிறு மதியம் கூடும் அந்த ஆட்டத்துக்கு அவள் அதற்காகவே தொடர்ந்து போனாள்.

ஆயுதம் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மேசையிலுள்ள மாயப்பொருள்களில் கறுப்புச் சுருக்குப்பையைத் தொட எல்லாருக்கும் நடுக்கம். திறந்தால் என்ன நடக்கும் என்று ஆட்டத்தை நடத்தும் சுடலை அண்ணனுக்கே தெரியாது. முன்பு திறந்த ஒருவனுடைய பாத்திரத்துக்குக் கண் போனது, இன்னொருத்தியின் குதிரை கல்லானது. குருட்டு அதிர்ஷ்டம் என்றார்கள். மதிவதனி மட்டும் அவர்களைப் பிடித்துத் துருவித் துருவிக் கேட்டாள். கண் போனவனுக்கு இருட்டென்றால் பயம். குதிரைக்காரிக்கு அந்தக் குதிரைதான் உயிர். அதிர்ஷ்டமாவது மண்ணாங்கட்டியாவது! திறப்பவர் எதற்கு அதிகம் பயப்படுகிறாரோ, அதைத்தான் பை செய்தது.

அப்படியென்றால் செங்கோடன் செத்துவிடுவானோ என்று அவள் பயப்பட வேண்டும். நடிப்பு பலிக்காது, நாடிப்பட்டி காட்டிக்கொடுத்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மருதி என்ற வைத்தியச்சியை உருவாக்கி, செங்கோடனோடு காடு மேடெல்லாம் அலைந்தாள். அவன் புண்ணுக்கு மருந்து கட்டினாள். தொலைந்துபோன மகளைப் பற்றி அவன் புலம்புவதைக் கேட்டாள். முதல் மாதம் எரிச்சலாகத்தான் வந்தது. ஐந்தாம் மாதம், அவனுக்குக் காய்ச்சல் வந்த வாரம், அலுவலகத்தில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. இனி தப்பமாட்டான் என்று கறுவிக்கொண்டாள்.

அடுத்த மாதம் மருதி பையைக் கையில் எடுத்தாள்.

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிட்டா ஒனக்கு? அதத் தொடாத!" என்று எபனேசர் கத்தினான்.

"இருந்து பாருல" என்று சொல்லிவிட்டு மதிவதனி மருதியைப் பையின் கயிற்றை இழுக்க வைத்தாள்.

பையிலிருந்து ஒன்றும் வரவில்லை. செங்கோடன் இருமினான், கீழே உட்கார்ந்தான். "மருதி, கொஞ்சம் தண்ணி" என்றான். அவள் குடுவையைத் திறப்பதற்குள் ஒளி அணைந்துபோனது.

மதிவதனி எபனேசரின் முகத்தைப் பார்த்தாள். ஆறு மாதம் காத்திருந்தது இந்த முகத்துக்காகத்தான். அவன் கொட்டாவி விட்டான்.

"போயிட்டுப் போறான். ஒரே ஆள வச்சு ஆடி எனக்கும் சலிச்சிட்டு. அண்ணே, அடுத்தது ஒரு மந்திரவாதிய போட்டுத் தாங்க."

சுடலை அண்ணன் மேசையைக் காட்டினார். பாத்திரத்தை இழந்தவருக்கு அது, அவர் பக்கத்து விளக்கை மங்கவைத்து, கால் மணி நேரம் துக்க இடைவேளை தரும். யாருக்கு என்பதை நாடிப்பட்டியைப் பார்த்து அதுவே முடிவுசெய்யும். மதிவதனி இருந்த பக்கத்து விளக்குதான் மங்கியிருந்தது.

"செத்தது என் ஆளுல்லா? நீ எதுக்குட்டி அழுவுத?" என்றான் எபனேசர், உண்மையாகவே புரியாமல்.

கொற்றி செத்த அன்றுகூட அவள் இப்படி அழுததில்லை.