தொண்டையில் நின்ற வசனம்

"ஏன் என்னைத் தேடினீர்கள்?" என்று கேட்டுவிட்டு ஓவியா நின்றுவிட்டாள். அடுத்த வரி வரவில்லை.

"சொல்லும்மா, சொல்லு! தொண்டையில என்ன முள்ளா மாட்டியிருக்கு?" என்றார் மதிவதனி டீச்சர். நாடகத்தில் மாதா வேடம் அவருக்கு. நாடகத்தை நடத்துகிறவரும் அவரேதான். அதனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டுவார்.

காரைக்கால் மாதா கோயில் மறைக்கல்வி விழாவுக்கான நாடகம் அது. பன்னிரண்டு வயதில் இயேசு காணாமல் போகிறார். தேடித் தேடிப் பார்த்தால், எருசலேம் கோயிலில் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். இவ்வளவு வசனத்தையும் மனப்பாடம் செய்ய ஆறாம் வகுப்புப் பையன்கள் ஒருவரும் முன்வரவில்லை. ஓவியா வந்தாள். அவள் சடையை மடித்துக் கட்டி இயேசு ஆக்கிவிட்டார் டீச்சர்.

இயேசுவை வளர்த்த தந்தையான சூசையப்பர் வேடம் ஓவியாவின் அப்பா சவரிராயனுக்கு. அவர் கட்டடங்களுக்கு சென்ட்ரிங் பலகை அடிப்பவர். "சூசையப்பரும் மரவேலை செஞ்சவருதானே, வாங்க" என்று டீச்சர் இழுத்து வந்துவிட்டார்.

"ஒரு வரிதானேம்மா" என்றார் அப்பா, ஒட்டுத்தாடிக்கு உள்ளேயிருந்து. "'என் தந்தையின் வீட்டில்தான் நான் இருப்பேன் என்று தெரியாதா?' அவ்வளவுதான். கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாயிடுச்சு."

அவர் வாயால் அதைக் கேட்டதும் ஓவியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் வரியை மறக்கவில்லை. சொல்லப் பயம்.

மே மாதம் திருவேட்டக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பந்தியில், முன்பின் தெரியாத ஒரு அம்மாள் ஓவியாவின் மூக்கைச் செல்லமாகக் கிள்ளினாள்.

"அப்படியே ஒங்கப்பன் மூக்குடி. பாவம், நீ வயித்துல இருக்கறப்பவே கடலோட போயிட்டானே!"

அடுத்த நிமிடம் அம்மா பெரியநாயகி, ஓவியாவின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்துவிட்டாள். ஓவியா அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தாள். அவள் மூக்கு கூர். அப்பாவின் மூக்கு நல்ல சப்பை.

அன்றிலிருந்து அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. அந்த வரியில் இயேசு தந்தை என்பது சூசையப்பரை இல்லை, கடவுளை. அப்பா முகத்தைப் பார்த்து 'என் தந்தையின் வீட்டில்' என்று சொன்னால் குரல் நடுங்கிவிடும். அவர் கண்டுபிடித்துவிடுவார். 'நீங்க என் அப்பா இல்ல' என்று ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

மறுநாள் பள்ளியில் தோழி ஷிஃபாவிடம் கேட்டாள். "ஏசுவுக்கு எப்படி? தான் யாரு புள்ளன்னு எப்பத் தெரிஞ்சிருக்கும்?"

"எங்க மதரஸாவுல ஏசுவ ஈஸா நபிம்பாங்க. அவங்க தொட்டில்லயே பேசுனாங்கன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள் ஷிஃபா. "ஆனா என்னய எதுக்குக் கேக்குற? எங்க தம்பி ரெண்டு வயசாகியும் 'பூ'ங்கறதத் தவிர ஒண்ணும் பேச மாட்டேங்குறான்."

ஓவியாவுக்குச் சிரிப்பு வந்தது. கவலை போகவில்லை. சாயங்காலம் டீச்சரிடம் போனாள். அவர் மாதாவின் முக்காட்டுக்கு ஜரிகை தைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஏசுவுக்கு எப்பத் தெரியும்? யாரு சொன்னா?"

"அத ரொம்பப் படிச்சவங்களே இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. பொறந்தப்பவே தெரியுங்கறாங்க சில பேரு. வளர வளரத் தெரிஞ்சுதுங்கறாங்க சில பேரு. வேதத்துல எழுதல."

"அந்த வரியச் சொன்னப்ப சூசையப்பருக்குக் கஷ்டமா இருந்திருக்காதா?"

டீச்சரின் ஊசி நின்றது. "அதுவும் எழுதலம்மா."

"சொல்லிட்டு அப்புறம் என்ன செஞ்சாரு?"

"அம்மா அப்பாகூட ஊருக்குப் போனாரு. அவங்க சொல்றதக் கேட்டு நடந்தாரு."

"சூசையப்பர்கூடவா?"

"பின்ன? அதானே வீடு!"

"அது நம்ம நாடகத்துல இல்லையே டீச்சர்?"

"அடுத்தாப்புல டான்ஸ் இருக்கு. நேரம் எங்க இருக்கு?"

விழா நாள் வந்தது. கோயில் மைதானம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் அம்மா, புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மகனே, உன் தந்தையும் நானும் எவ்வளவு கவலையோடு தேடினோம்!" என்றார் மதிவதனி டீச்சர்.

"ஏன் என்னைத் தேடினீர்கள்?"

மைதானமே காத்திருந்தது. அப்பா அவளுக்காக உதட்டை அசைத்து வரியை எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் ஓவியா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"என் தந்தையின் வீட்டில்தான் நான் இருப்பேன் என்று... தெரியாதா?"

குரல் நடுங்கிவிட்டது. கண்ணும் நிறைந்துவிட்டது.

அப்பா அவளையே பார்த்தார். பிறகு மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

திரை நகரத் தொடங்கியது.

"இழுக்காதீங்க! இன்னும் முடியல!" என்று கத்தினாள் ஓவியா. ஓடிப்போய் அப்பாவின் காய்த்துப்போன கையைப் பிடித்தாள். "வாங்கப்பா, நம்ம வீட்டுக்குப் போவோம். நான் ஒங்ககூடத்தான் வருவேன்."

"எருசலேம்ல காரைக்கால் பேச்சு பேசுறாங்கடோய்!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

சூசையப்பருக்கு நாடகத்தில் ஒரு வசனமும் கிடையாது. ஆனாலும் அப்பாவுக்கு வாய் திறந்துவிட்டது. "வா... வாம்மா, போலாம்."

"அய்யோ, ஏசுவப் போயி அம்மாங்கறாரு!"

மைதானமே சிரித்தது. கைதட்டலும் சேர்ந்துகொண்டது. அப்பாவின் கண்ணீரில் பசை விட்டு, தாடி ஒரு பக்கமாகத் தொங்கியது.

மூன்று பேரும் ஒரே மொபெட்டில் நெரவிக்குத் திரும்பினார்கள். அரசலாற்றுப் பாலத்தில் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"எப்பம்மா தெரியும்?"

"மே மாசம். கல்யாணத்துல."

"ஒனக்குக் கேட்டிருக்காதுன்னுல்ல நெனச்சேன்" என்றாள் அம்மா.

"அப்பளத்தக்கூட முடிக்க விடாம எழுப்பிக் கூட்டியாந்தா யாருக்கும் தெரிஞ்சிடும்மா!"

அப்பா சிரிக்க முயன்றார். "நாந்தான் சொல்லணும்னு இருந்தேன். ஒன்னோட ஒவ்வொரு பொறந்தநாளைக்கும் நெனப்பேன். நீ என்னய வேற மாதிரி பாத்துருவியோன்னு பயந்துக்கிட்டு அடுத்த வருஷம்னு தள்ளிடுவேன்."

"எனக்கும் அதே பயந்தாம்ப்பா. நீங்க என்னய வேற மாதிரி பாத்துருவீங்களோன்னு."

"போடி கழுத" என்றார் அப்பா.

"கடலோட போனாரே, அவரு பேரு என்னம்மா?" என்று அம்மாவிடம் கேட்டாள் ஓவியா.

"ஆரோக்கியசாமி" என்றாள் அம்மா மெதுவாக. "போட்டோ ஒண்ணு வச்சிருக்கேன். போனதும் பாக்குறியா?"

"பாக்குறேன். ஆனா மொதல்ல எதாவது சாப்பிடணும். பயத்துல மத்தியானம் நான் ஒண்ணுமே சாப்பிடல."

"நானுந்தான்" என்றார் அப்பா.

"நான் மட்டும் சாப்பிட்டேனாக்கும்?" என்றாள் அம்மா.

அப்பா மொபெட்டைக் கிளப்பினார். பாலத்தைத் தாண்டி முதலில் வந்த பரோட்டாக் கடையில் மூன்று பேரும் இறங்கினார்கள். கடைக்காரர் போதும் போதும் என்று சொல்லும்வரை சாப்பிட்டார்கள்.