திருகோணமலைக்குப் போன கார்

"பிரேக் போட்டிருக்கு. நாள் முழுக்கத் தள்ளினாலும் அசையாது."

பின்னாலிருந்து வந்த குரலில் சிரிப்பு ஒளிந்திருந்தது. புஷ்பத்துக்குக் காது வரை சூடேறியது. கால் சேற்றில் வழுக்க வழுக்க, அவளும் பக்கத்துக் கடை ஸெய்னுலாப்தீன் நானாவும் கால்மணி நேரமாக அந்தக் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தாள். நெடிய உருவம்... முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை... தூக்கமில்லாமல் சிவந்த கண்கள். சிவந்திருந்தும், அந்தக் கண்கள்... சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"தெரியும்," என்றாள்.

"தெரிஞ்சுகொண்டோ தள்ளினீங்கள்?"

நானா சிரித்துவிட்டார். புஷ்பம் அவரை ஒரு முறை முறைத்தாள்.

கிழக்குக் கடலில் புயல் உருவாகி, நாளைக்குள் திருகோணமலைப் பக்கம் கரை ஏறும் என்று காலையில்தான் கண்டி அரசாங்கக் கச்சேரிக்குத் தந்தி வந்திருந்தது. புயல் கடலோடு நின்றுவிடாது, மலையில் மழை கொட்டினால் மகாவலி ஆறு பொங்கும். கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் மரத்தடியிலிருந்தும் ஆற்றோரத்திலிருந்தும் கார்களை மேட்டுக்குக் கொண்டுபோய், சில்லுகளுக்குக் கல் வைத்து, மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். புஷ்பத்தின் கார் மட்டும் ஆற்றங்கரைக் கொட்டிலில் நின்றது. அப்பா வீரய்யா இருபத்தெட்டாம் வருஷம் வாங்கி, கண்டிக்கும் மாத்தளைக்கும் வாடகைக்கு ஓட்டியது. அவர் போய் எட்டு மாதம். அதை ஓட்ட வீட்டில் ஆள் இல்லை. வீட்டிலேயே அவளைத் தவிர ஆள் இல்லை.

வந்தவன் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை விடுவித்து, நாலைந்து தடவை முயன்று இஞ்சினையும் எழுப்பினான். அந்தச் சத்தத்தை எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்டபடி புஷ்பம் காரின் பின்னாலேயே நடந்தாள். கார் மேடேறிப் பள்ளிவாசல் மைதானத்தில் போய் நின்றது.

"என்ர பேர் ராஜலிங்கம். திருகோணமலை," என்றான் இறங்கிவந்து. "இரவிரவா காரோட்டி எங்கட கடற்கரைச் சனத்தில அஞ்சு பேரை இஞ்ச கொண்டுவந்து சேர்த்தனான். இப்ப என்ர காரின்ர அச்சு முறிஞ்சு போச்சு. உங்கட காரைத் தந்தா நான் திரும்பிப் போகலாம்."

ஓ... அதுதானா. இந்த உதவி, இந்தச் சிரிப்பு, எல்லாம் இதற்குத்தானா?

"இதுக்குத்தான் தேடி வந்து மேட்டுல ஏத்திக் குடுத்தீங்களா?"

அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்தது. "இல்லை. ஏத்தேக்க கேக்கோணும் எண்டு நினைக்கேல்லை."

"முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு நான் கார் குடுக்கிறதில்ல. எங்கப்பா வச்சிட்டுப் போனது இது ஒண்ணுதான்."

"சரி." அவன் கெஞ்சவில்லை. ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. கண்டி நகரப் பக்கம் நடந்தான்.

நன்றாகத்தானே சொன்னேன், என்று தனக்குள் சொல்லிக்கொண்டே புஷ்பம் வீட்டுக்குள் போனாள். அரிசிச் சாக்கைப் பரணில் ஏற்றினாள். அப்பாவின் அலுமாரியை இழுத்து உயரத்தில் வைக்கப் பார்த்தாள், முடியவில்லை. யாரையாவது கூப்பிடலாம் என்று வாய் திறந்தவள், கூப்பிட ஒரு பெயரும் வராமல் அப்படியே நின்றாள்.

அவள் வெளியே வந்தபோது, நானா கடையில் சுடுதண்ணீர் வாங்க வந்த கிழவி ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். வடிவம்மாவாம். ராஜலிங்கத்தின் காரில் வந்து இறங்கிய ஐந்து பேரில் ஒருத்தி.

"பிள்ளை முதல்ல தன்ர தகப்பனைத்தான் ஏத்த வந்தவன்," என்றாள். "மனுசன் ஏற மாட்டன் எண்டிட்டார். பொம்பிளையளும் குஞ்சு குருமனும் போகட்டும், நான் கடைசியா வாறன் எண்டார். இப்ப இவனுக்குப் போக வழியில்லை. புயல் வாற பக்கம் ஆர் கார் விடப்போறாங்கள்?"

புஷ்பம் அதற்கு மேல் கேட்கவில்லை. பாலத்தைத் தாண்டிக் கண்டி வீதியில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. வாடகைக் கார்கள் நிற்கும் சந்தியில், ஒவ்வொரு கதவாகக் கேட்டு ஒவ்வொன்றிலும் தலையாட்டலைக் கண்டு, தனியாக நின்றான் அவன். இமை மயிரில் மழைத்துளி நின்றது.

"ஏன் அப்பாவைப் பத்திச் சொல்லல?"

"சொன்னா, இரக்கத்தில தாறியள் எண்டு ஆகிடும்."

"இப்ப மட்டும்?" அவள் சாவியை நீட்டினாள். "கிளட்ச் கொஞ்சம் இறுக்கம். ஏத்தத்துல அதட்டக் கூடாது, கோவிச்சுக்கும்."

"உங்களைப் போலயா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. ஒரு மணி நேரம் வீணாகிவிட்டதே...

அவன் அவளுடைய காரில் புறப்பட்டுப் போனான். அன்று மாலை அவளும் நானாவும் இரண்டு மாடுகளைப் பூட்டி அவனுடைய முறிந்த காரை மேட்டுக்கு இழுத்தார்கள். அடுத்த நாள் மழை கொட்டியது. மூன்றாம் நாள் மகாவலி கொட்டிலைக் கொண்டுபோனது, வீட்டின் பின்சுவரையும் கொண்டுபோனது. தந்திக் கம்பிகள் அறுந்ததால் திருகோணமலையிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. புஷ்பம் பள்ளிவாசல் மேட்டில் நின்று, திருகோணமலையிலிருந்து வரும் மாத்தளை வீதியையே பார்த்தாள். பார்ப்பதற்கு ஒரு வீதி இருந்ததே பெரிதாகத் தோன்றியது.

ஆறாம் நாள் பிலிமத்தலாவையிலிருந்து சித்தப்பா வீரசிங்கம் வந்தார்.

"யாருன்னே தெரியாதவன்கிட்ட காரைக் குடுத்திருக்க. வருவான்னு நெனைக்கிறியா? துணியெல்லாம் கட்டு. இனி எங்க வீட்ல இரு, மாப்பிள்ளையும் பாத்தாச்சு."

"கார் வரட்டும் சித்தப்பா. அப்புறம் போறதைப் பத்திப் பேசலாம்."

"வராட்டி?"

அந்தக் கேள்வியைத்தான் ஆறு நாளாக யாரும் இல்லாத வீட்டில் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா கிளம்பினார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கார் வந்தது. முன்கண்ணாடி இல்லை. கூரைத் துணி கிழிந்து தொங்கியது. ராஜலிங்கம் இறங்கினான். பின்னிருக்கை வெறுமையாக இருந்தது. அவன் மழித்திருந்த தலையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பதினொரு பேரை ஏத்தித் தம்பலகாமம் கொண்டுபோய் விட்டனான்," என்றான். "ஐயாவை ஏத்தத் திரும்பிப் போகேக்க வீதியில மரங்கள் விழுந்திட்டுது. அடுத்த நாள் காலமைதான் போய்ச் சேர்ந்தனான்."

"நான் முதல்லயே குடுத்திருந்தா... அந்த ஒரு மணி நேரம்..."

"அப்பவும் அவர் எல்லாருக்கும் கடைசியாத்தான் ஏறியிருப்பார்."

"நெசமாவா? இல்ல, எனக்காகச் சொல்றீங்களா?"

அவன் தொங்கிய கூரைத் துணியைச் சுருட்டி மேலே செருகினான். "தெரியேல்லை," என்றான் பிறகு. "வழி முழுக்க யோசிச்சன். தெரியேல்லை. ஆனா உங்களில கோவம் வரேல்லை. அந்தப் பதினொரு பேரும் உயிரோட இருக்கினம்."

புஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானா கடைக்குள்ளிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். ராஜலிங்கம் உட்காரவில்லை.

"முன்கண்ணாடி போட்டுத் தாறன். கூரையும் தைச்சுத் தாறன்."

"அதெல்லாம் இருக்கட்டும். இனி எங்க போவீங்க?"

"வீடு இல்லை. ஆக்களும் இல்லை." அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "காரை ஆரிட்டையும் குடுத்து அனுப்பியிருக்கலாம் புஷ்பம். மாத்தளையில ஒருத்தர் கொண்டுவந்து விடுறன் எண்டு கேட்டவர். நான் குடுக்கேல்லை. உங்களை ஒருக்காப் பாக்கோணும் எண்டு... அதுக்குத்தான் வந்தனான்."

அவள் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. நானாவிடம் கேட்டிருப்பான். எட்டு மாதமாகச் சும்மா கிடந்த ஒரு பெயர்.

"ஒம்பது நாளா மாத்தளை ரோட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் மெல்ல. "எல்லாரும் காருக்காக நிக்கிறேன்னு நெனச்சாங்க. நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனா ஒரு நாளும் நான் காரை நெனைக்கலங்க..."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இந்த முறை அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஞாயித்துக்கிழம சித்தப்பா வருவாரு," என்றாள். "அவர்கிட்ட நான் பேசுறேன். நீங்க பக்கத்துல நின்னா போதும்."

"ஓம். நிக்கிறன்."