கடுகளவு மாத்திரை

காலை ஆறு மணிக்கு எங்கள் மிதவைக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான். மூச்சில் தடம் விடும் குறிநீர் ஒரு மடக்கு குடிப்பது, பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது, பிறகு சுவரில் இருக்கும் குழாயில் ஊதுவது. அந்தப் பெட்டிக்குப் பெயர் ஈரல்மானி. ஊதிய மூச்சைப் பார்த்து, இவனுடைய கல்லீரல் இன்றைக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்று அது அளக்கும். அதற்குத் தக்கபடி, அடியில் இருக்கும் மருந்தச்சு அன்றைய மாத்திரையை அச்சடித்துத் தள்ளும். தூத்துக்குடியில் மருந்துக்கடை என்று ஒன்று இருந்ததாகச் சொன்னால் இப்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

ஆரம்பத்தில் எனக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்காது. துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருடம் கிரேன் ஓட்டி இடுப்பு தேய்ந்தவன் நான். படுத்தால் புரள முடியாது. அந்த வலிக்கு எனக்கு வந்து விழுந்தது கடுகளவு மாத்திரை. எதிர்வீட்டுச் சந்தியாகுவுக்கும் அதே இடுப்பு வலி, அதே மருந்து. அவனுக்கு மொச்சைக்கொட்டை அளவில் வரும். தினமும் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நிற்பான்.

"என்ன வே மிக்கேலு, இன்னைக்காவது கண்ணுக்குத் தெரியுதா, இல்ல பூதக்கண்ணாடி தரட்டுமா?"

என் கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டது என்று இரண்டரை வருடத்துக்கு முன்பு கண்டுபிடித்தார்கள். சொட்டுச் சாராயம் தொட்டவனில்லை நான். ஏதோ காமாலைக் கிருமி வருடக்கணக்காக உள்ளேயே கிடந்ததாம். சொன்னால் எவன் நம்புகிறான்? பெட்டியும் என்னைக் குடிகாரன் என்று நினைத்துத்தான் அளவைக் குறைக்கிறது என்று முடிவு கட்டினேன். கெட்டுப்போன ஈரலுக்குக் கூடுதலாக அல்லவா மருந்து தர வேண்டும்?

"ஜெபமாலை, எனக்குப் பதிலா நீ ஊது" என்றேன் மனைவியிடம்.

துறைமுகத்தில் நாங்கள் அப்படித்தான். ஒருவன் வரத் தாமதமானால் இன்னொருவன் அவனுக்கும் சேர்த்து வருகை போட்டுவிடுவான். அதனால் எந்தக் கப்பலும் மூழ்கவில்லை.

"வேண்டாங்க. அது கண்டுபிடிச்சிரும்."

"அதுக்கென்ன மூக்கா இருக்கு? ஊது."

ஊதுவது யார் என்று பெட்டி அடையாளம் பார்க்கும் இடத்தில் நான் என் கட்டைவிரலை வைத்தேன். அவள் குறிநீரைக் குடித்து, பத்து நிமிடம் கழித்து ஊதினாள். 'நேற்றைவிடப் பல மடங்கு வேகம். ஊதியது நீங்கள்தானா?' என்று திரையில் வந்தது. ஆம் என்பதை அழுத்தினேன். மொச்சைக்கொட்டை விழுந்தது. விழுங்கினேன்.

மதியம் வரை சொர்க்கம். இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. சாயங்காலம் ஜெபமாலை காப்பி கொண்டுவந்தபோது, "யாரு இந்தப் பொம்பள?" என்று கேட்டேனாம். டம்ளரை வாங்க நீட்டிய கை, காக்காச் சிறகு மாதிரி அடித்துக்கொண்டதாம். எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தேன்.

முத்துச்செல்வி என்று ஒரு நர்ஸ் குனிந்து பார்த்தாள். ஜெபமாலை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"தாத்தா, அங்க இருக்கிறது யாரு?"

"என் பொண்டாட்டி. வேற யாரு?"

சுவரைப் பார்த்திருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் நர்ஸை விடவில்லை. "எதிர்வீட்டுக்காரன் முழுங்குற அளவுதான? அவன் மட்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கானே?"

"நீங்க துறைமுகத்துல இருந்தவருதான? கப்பல்ல வந்த சரக்கு நேரா ஊருக்குள்ள போயிருமா?"

"எப்படிப் போகும்? கேட்ல நிறுத்திப் பிரிச்சுப் பாத்துத்தான் விடுவானுவ."

"கல்லீரல்தான் அந்த கேட். அவரு முழுங்குறதுல முக்காவாசி அங்கயே கழிஞ்சிரும். அதையும் சேத்துத்தான் பெருசா அச்சடிக்குது. உங்க கேட்டு பாதி அடைச்சுக் கெடக்கு. ரத்தம் பக்கத்துச் சந்து வழியா சுத்திப் போயிருது. அதனால முழுங்குனது முழுசா உள்ள வந்துரும். வெளிய தள்ளவும் ஆள் பத்தல. இன்னைக்கு மருந்து நாளைக்கும் நிக்கும்."

"அப்ப அந்தக் கடுகு?"

"அவருக்கு மொச்சை செய்யிற வேலைய உங்களுக்குக் கடுகு செய்யும். ஏன், வலி கொறையலயா?"

"நான் எங்க முழுங்குனேன்? ஜன்னல் வழியா கடல்ல எறிஞ்சிருவேன்."

ஜெபமாலையின் அழுகை டக்கென்று நின்றது. "ஒரு வருசமா எறிஞ்சீயளா? காமாலைக் கிருமிக்குக் குடுத்த மாத்திரையவுமா?"

"எல்லாத்தையுந்தான்."

"அந்தப் பக்கத்து மீனுக்கெல்லாம் இடுப்பு வலியே இருக்காது" என்றாள் நர்ஸ். ஜெபமாலை சிரிக்கவில்லை. நர்ஸ் அவளிடம் ஒரு வேலை கொடுத்து அனுப்பினாள். தினமும் காலையில் என்னிடம், "நான் யாரு?" என்று கேட்க வேண்டும். பதில் தடுமாறினால் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நானே ஊதினேன். கடுகு விழுந்தது. ஜெபமாலை வாயைத் திறந்து காட்டச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். ஒரு மணி நேரத்தில் கட்டிலில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் புரண்டேன். அவமானமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை புரண்டு பார்த்தேன்.

அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கிருமி அடங்கினால் இறுகின ஈரலும் கொஞ்சம் கொஞ்சமாக இளகக்கூடும் என்று முத்துச்செல்வி சொன்னபோது நான் நம்பவில்லை. இன்று காலை மாத்திரை விழுந்ததும் ஜெபமாலை அதை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு கடுகையும் ஒரு உளுந்தையும் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"பாருங்க, கடுகைத் தாண்டிட்டீய!"

மருந்தின் அளவு கூடியதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். நான் மாத்திரைக்குக் கை நீட்டினேன். அவள் கையை மூடிக்கொண்டாள்.

"மொதல்ல சொல்லுங்க. நான் யாரு?"

"உளுந்து வச்சு மருந்து அளக்குற ஜெபமாலை."

"சரி, முழுங்குங்க" என்றாள்.