மூன்றாவது டோக்கன்

போகும்போது லிஜியின் கழுத்தில் கிடந்த மஞ்சள் விசில், திரும்பி வரும்போது இல்லை. செல்வசிங் முதலில் அதைத்தான் கவனித்தான். மகளின் முகத்தைப் பார்க்குமுன் கழுத்தைப் பார்க்கிற ஆள் அவன். தொழில் அப்படி.

அபுதாபி முசஃபாவில் எண்ணெய் டாங்கி கழுவும் கம்பெனியில் அவனுக்கு ஹோல் வாட்ச் வேலை. ஆட்கள் டாங்கிக்குள் இறங்கும்போது வாசலில் காவல் இருக்க வேண்டும். உள்ளே போகிறவன் கழுத்தில் கிடக்கும் தன் டோக்கனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவான். வெளியே வந்து பெயரைச் சொல்லித்தான் திரும்ப வாங்குவான். கடைசி டோக்கன் போகும்வரை ஹோல் வாட்ச் அசையக் கூடாது. என்ன ஆனாலும் உள்ளே கால் வைக்கக் கூடாது. பதினோரு வருஷத்தில் அவன் கையில் ஒரு டோக்கன்கூட மிஞ்சியதில்லை. அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கேறித்தான் கிடந்தது.

அதனால்தான் ஈத் லீவுக்கு ராஸ் அல் கைமா மலைக்குள் இந்தச் சுண்ணாம்புப் பிளவைப் பார்க்க வந்த இடத்திலும் தண்ணீர் பாட்டில் அட்டையைக் கிழித்து, மார்க்கரால் தமிழில் பெயரும் விவரமும் போட்டு இரண்டு டோக்கன் எழுதி, வாசலில் நின்ற முள்மரக் கிளையில் மாட்டினான்.

"டாடி, என்ன இது? ஜிலேபி ஜிலேபியா இருக்கு," என்றாள் லிஜி. அபுதாபியில் பிறந்து மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டவளுக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது.

"லீவுல வந்தாலும் டியூட்டியக் கட்டிட்டு வந்தாச்சா?" என்று அவன் மனைவி ஜெபகனி சிரித்தாள். "உங்களுக்கு டோக்கன் இல்லியா?"

"உள்ள போறவனுக்குத்தான் டோக்கன். நான் ஒரு தடவ ஊதுனா லிஜி ரெண்டு குட்டி விசில். நீ ஒரு நீட்டு. மறக்கப்பிடாது."

ஆளுக்கொரு விசிலோடு இருவரும் உள்ளே போனார்கள். கையை விரித்தால் இரண்டு பக்கமும் தொடுகிற அகலம். மேலே ஒரு கோடு வானம். உள்ளிருந்து நீற்றிய சுண்ணாம்பின் வாடையும், எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தமும், அது சொட்டி முடிந்த பிறகும் பாறைக்குள் ஊர்ந்துகொண்டே இருக்கிற அதன் மிச்சமும் வந்துகொண்டிருந்தன. மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து அவன் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஊதினான். இரண்டு குட்டி. ஒரு நீட்டு. எல்லாம் சரியாகத்தான் போனது.

நாலு மணிக்கு இருவரும் வெளியே வந்து கையை நீட்டினார்கள். சொந்தப் பெண்டாட்டி பிள்ளையிடம் எவன் பெயர் கேட்பான்? டோக்கன்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டான்.

"விசில் எங்க மக்கா?"

"விழுந்துட்டு, அப்பா."

அப்பா. இத்தனை வருஷம் டாடிதான்.

ஜெபகனி மகளோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். "வண்டிய எடுங்க."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தான். ஜெபம் பண்ணாமல் வண்டியை நகரவிடுகிறவள் இல்லை அவள். பால் வாங்க சூப்பர்மார்க்கெட் போனாலும் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபித்தாக வேண்டும். அவன் கிண்டல் பண்ணி ஓய்ந்த விஷயம் அது.

"ஜெபம்?" என்று கேட்டான்.

"வண்டிய எடுங்க." அதே குரல். ஏற்றம் இறக்கம்கூட அதேதான்.

வெயில் களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஸ்டூலை எடுத்து வரும் சாக்கில் இறங்கினான். துவாரத்தை மூடுமுன் கடைசியாக ஒருமுறை ஊதுவது சைட்டில் பழக்கம். கை தானாகவே விசிலை வாய்க்குக் கொண்டுபோனது.

ஊதினான்.

உள்ளேயிருந்து இரண்டு குட்டி விசில்.

எதிரொலி என்று சொல்லிப் பார்த்தான். ஒன்று கொடுத்தால் மலை ஒன்றைத்தானே திருப்பித் தரும். மறுபடி ஊதினான். இரண்டு குட்டி. அப்புறம், இன்னும் ஆழத்திலிருந்து, ஒரு நீட்டு.

காருக்குத் திரும்பி நடந்து, ஜன்னல் வழியே குனிந்தான். லிஜி டோக்கனைப் பிடித்திருந்தாள். அவள் கை சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது.

"அதுல என்ன எழுதிருக்கு, மக்கா?"

அவள் குனிந்து பார்க்கவே இல்லை. அவனையே பார்த்துக்கொண்டு, திக்காமல், தமிழ் வாத்தியார் வாசிப்பதுபோலச் சொன்னாள்.

"லிஜி. செல்வசிங் மகள். மூன்றாம் வகுப்பு."

ஜெபகனி தலையசைத்தாள். சரியாகச் சொன்னாய் என்பதுபோல.

உள்ளே விசில். இரண்டு குட்டி. முன்னைவிட மெல்ல. அவன் கூப்பிடாமலேயே.

என் பிள்ளை உள்ளே இருக்கிறாள். அவள் அம்மாவும் உள்ளேதான். அவர்கள் டோக்கனை நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஓடினான். வாசலில் கால் நின்றது. பதினோரு வருஷத்துப் பழக்கம். உள்ளே கால் வைக்கக் கூடாது. சுண்ணாம்பு வாடை. சொட்டு. சொட்டின் மிச்சம்.

முதுகுக்குப் பின்னால் கார்க் கதவு திறந்தது. ஒரு கதவு. இன்னொரு கதவு. சரளைக்கல்லில் காலடிச் சத்தம் இல்லை.

"போங்க, அப்பா," என்றது பக்கத்தில் லிஜியின் குரல். "நாங்க வெளிய இருக்கோம்."

திரும்பினான்.

முள்மரக் கிளையில் ஒரு டோக்கன் தொங்கியது. அவன் எழுதியது இரண்டுதான். மார்க்கர் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. அட்டையில் மை இன்னும் காயவில்லை. செல்வசிங். அவன் கையெழுத்து.

கீழே அவன் ஸ்டூலில் ஜெபகனி உட்கார்ந்திருந்தாள். முழங்கால்களை ஒட்டவைத்து, கழுத்தை முன்னே நீட்டி, அவன் உட்காருகிற மாதிரியே, பிளவின் வாசலைப் பார்த்தபடி.