இரட்டைக்கல்லில் ஒரு மார்கழி

“மொச்சைக்குள்ள கால வைக்காதீக... சொல்றது கேக்குதா?”

தூறலுக்குள்ளிருந்து வந்த குரலுக்கு ஆஷ்லின் திரும்பினாள். வரப்பில் ஒருவன் நின்றிருந்தான். முழங்கால் வரை சேறு. தலையில் கவிழ்த்த உரச்சாக்கு. அதன் விளிம்பில் சொட்டிய நீருக்குப் பின்னால் இரண்டு கண்கள்... கோபமாகத்தான் பார்த்தன. ஆனாலும் கையிலிருந்த திசைகாட்டியைப் பார்க்க அவள் மறந்துபோனாள்.

“சர்வே எடுக்க வந்தீகளா?”

“இல்லங்க. காலேஜ்ல இருந்து வாரேன். இந்தக் கல்லு ரெண்டையும் பாக்கணும்.”

“கல்லப் பாக்கவா? இந்த மழையிலயா?”

“அது எந்தப் பக்கம் பாக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்.”

அவன் கல்லைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். “எனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து அது எங்க மொச்சையத்தேன் பாத்துக்கிட்டு இருக்கு.”

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள்... சிரித்துவிட்டாள்.

அவன் பெயர் நல்லகாமன். செக்கானூரணிக்கு மேற்கே, அந்த மூன்று ஏக்கரும் அவன் அப்பா முத்திருளனுடையது. விவசாயம் போக மீதி நாட்களில் காமன் ஜேசிபி ஓட்டினான். ஆஷ்லினுக்கு வீடு கே.கே. நகர். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தபடி, ஐந்து வருடமாக ஆராய்ச்சிப் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர்கள் நட்ட கற்களுக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் ஆராய்ச்சி.

ஊரார் இரட்டைக்கல் என்று சொன்ன அந்த நெடுகற்கள் ஆளுயரத்துக்கு மேல் இருந்தன. சற்றுத் தள்ளி ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் ஆறு சின்னக் குழிகள். பாறையில் நின்று பார்த்தால் கற்களின் இடைவெளி தென்கிழக்கைக் காட்டியது.

“சூரியன் தெக்கால ரொம்பத் தள்ளி உதிக்கிறது டிசம்பர் இருபத்தொண்ணு. அன்னைக்கு இந்தச் சந்துக்குள்ளதான் உதிக்கணும். என் கணக்கு அதைத்தான் சொல்லுது.”

“இந்தக் குழி?”

“கார்த்திகை மீன் கூட்டமா இருக்கலாம். வானத்துல ஆறு புள்ளி தெரியுமே... நிச்சயமாச் சொல்ல முடியாது. அப்படி இருந்தா நல்லா இருக்கும்னு ஒரு ஆசை.”

“நாங்க இதுல புளியங்கொட்ட போட்டு வெளாண்டிருக்கோம், டீச்சரு.” அவன் குனிந்து ஒரு குழியில் தேங்கியிருந்த மழைநீரை விரலால் வழித்தான். “மூவாயிரம் வருசத்துக்கு முன்னால ஒருத்தன் இங்கன உக்காந்து அண்ணாந்து பாத்திருக்கான்... எம்புட்டு நாளு பாத்திருப்பான்?”

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது காளவாசல் சிக்னலில் பச்சை விழுந்தது கூடத் தெரியாமல் ஸ்கூட்டரில் நின்றிருந்தாள்.

அதன்பின் அடுத்த மார்கழிக்குள் நான்கு முறை வந்தாள். ஒவ்வொரு முறையும் களையெடுக்க அவனுக்கு ஏதோ மிச்சமிருந்தது...

அவள் முதலில் வந்த வருடம் டிசம்பர் இருபத்தொன்றில் மேகம் மூடிவிட்டது. இந்த வருடம்தான் கடைசி. ஜனவரியில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கண்ணால் பார்த்துப் பதிவு செய்யாத வரை அது வெறும் கற்பனை என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

இருபத்தொன்றாம் தேதி விடிந்தபோது பாறையில் இருவரும் நின்றார்கள். கிழக்கே சாம்பலாய் மேகம். சூரியன் வரவேயில்லை. “ரெண்டு மூணு நாளைக்கு அது அதே இடத்துலதான் உதிக்கும். நாளைக்குப் பாக்கலாம்,” என்றாள். மறுநாள் மழையே பிடித்துக்கொண்டது. காமன் உரச்சாக்கை இருவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தான். அவன் தோள் அவள் தோளில் பட்டும் படாமலும் இருந்தது.

சாலையில் போன யாரோ பார்த்திருக்க வேண்டும். அன்று மாலை ஆஷ்லினின் அப்பா சத்தியசீலன் ஸ்கூட்டர் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். மிஷன் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தவே மாட்டார்.

“அந்தக் காட்டுப் பக்கம் இனி வேணாம்மா. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல நான் தலை நிமிந்து உக்காரணும்.”

“சூரியனைப் பாக்கத்தான்ப்பா போனேன்...”

“எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லு.”

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கிறிஸ்மஸ் முடிந்து இரண்டாம் நாள், பேருந்தில் கிளம்பிப் போய்விட்டாள். இரட்டைக்கல் நின்ற இடத்தில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. பெரிய கல் மூன்று துண்டாக ஓடைக்குள் கிடந்தது. மற்றதைக் காணவே இல்லை. வரப்பில் நின்ற முத்திருளன் துண்டை உதறிக்கொண்டார்.

“நீ ஏதாச்சும் எழுதுவ, தாயி. கெவருமெண்டு வந்து கம்பிவேலி போடும். அப்புறம் நாங்க எங்கிட்டுப் போறது?”

காமனுக்குப் போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. பதினெட்டாவது முறையும் எடுக்கவில்லை. ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தைப் பேராசிரியர் நீக்கச் சொன்னார். நீக்கினாள். சாப்பிட்டாள், வகுப்பெடுத்தாள், ஜெபத்துக்கு எல்லோரோடும் முழங்கால் போட்டாள். எதிலும் அவள் இல்லை.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம். ஒத்தக்கடைப் பேருந்து நிறுத்தத்தில் அவன் நின்றிருந்தான். இளைத்திருந்தான்.

“ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிர்றேன்.”

அவள் கூட்டத்திலிருந்து விலகி வந்தாள்.

“கல்லப் புடுங்குனது நாந்தேன்.”

அவன் அப்பா யாரையோ கூட்டிவந்து செய்திருப்பார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

“வெளியாள வச்சா ஊருக்குத் தெரிஞ்சுரும்னு அப்பா என்னைய ஜேசிபிய எடுக்கச் சொன்னாரு. முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்... சொல்லல.”

“என்னைக்கு?”

“இருவத்தி நாலு. விடியக்காலம்.”

கோபம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. “மேகம் இருந்துச்சா?” என்றாள்.

“இல்ல.” அவன் குரல் இறங்கியது. “பாறைக்குப் பக்கத்துலதேன் வண்டி நின்னுச்சு. ரெண்டு கல்லுக்கும் நட்டநடுவுல வந்துச்சு. ஒரு விரக்கட அங்கிட்டு இங்கிட்டு வெலகல. கல்லு ரெண்டும் கரிக்கட்டையாட்டம் கறுத்துப் போச்சு... நடுவுல மட்டும் நெருப்பு.”

“படம் எடுத்தீங்களா?”

“இல்ல. கை லீவர்ல இருந்துச்சு. அப்பா பக்கத்துல நின்னாரு.”

“அதைப் பாத்துட்டுமா...”

“பாத்துட்டுத்தேன்.”

பேருந்து ஒன்று நின்றது, போனது. அவள் கண்ணீரைத் துடைக்கவில்லை. இரண்டு வருடம் அவள் காத்திருந்த விடியலை இவன் பார்த்திருக்கிறான். இனி யாரும் பார்க்க மாட்டார்கள். இவன் வாய்வார்த்தையை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது.

“எதுக்கு இப்ப வந்து சொல்றீங்க?”

“சொல்லலேன்னா ஒங்க கணக்கு தப்புன்னு காலம் பூரா நெனச்சுக்கிட்டே இருப்பீக. தப்பில்ல, டீச்சரு.” தலை குனிந்தான். “அப்புறம்... ஒங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. அந்தக் கல்லத் தள்ளுனப்பயும் பிடிச்சுத்தேன் இருந்துச்சு. அதத்தேன் தாங்க முடியல.”

இப்போதுதான் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இருபத்திரெண்டாம் தேதி மழை பெய்யும்னு முதல் நாளே போன்ல பாத்துட்டேன். சூரியன் வராதுன்னு தெரிஞ்சுதான் வந்தேன்.”

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்களில் மெல்ல ஒரு வெளிச்சம்... அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

“உங்களை மன்னிக்க முடியல, காமன். பிடிக்காமப் போகவும் மாட்டேங்குது. நான் என்ன செய்ய?”

அடுத்த பேருந்து வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.