உதறினால் திறக்கும்

டெலிபோன் அலறியது.

துப்பறியும் அதிகாரி டொலோரஸ் உடனே எடுக்கவில்லை. கையிலிருந்த மடக்குக்கத்தியால் ஆரஞ்சில் பாதியை உரித்து முடித்தாள். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. மத்தியானம் சாப்பிடவில்லை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் சாயங்காலம் அடிக்கிற போன் நல்ல சேதி சொன்னதாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

எடுத்தாள்.

"மேடம்... டோனலி பேசறேன். ரோந்துல இருந்தேன். மனோலிஸ் ஹார்டுவேர் கடை. கிழவனைக் குத்திட்டாங்க."

"உயிர் இருக்கா?"

"இல்லை மேடம்."

டொலோரஸ் கத்தியைப் பார்த்தாள். மனோலிஸ் கடையில் வாங்கியதுதான். 'போலீசுக்குத் தள்ளுபடியெல்லாம் கிடையாது' என்று முறைத்துவிட்டு, ஒரு பூட்டைச் சும்மா தூக்கிக் கொடுத்த கிரேக்கக் கிழவர்.

பாதி உரித்த ஆரஞ்சை மேஜை மேலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

மனோலிஸ் கல்லாவுக்குப் பின்னால் ஆணிப்பெட்டிகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார்.

நெஞ்சில் ஒரு மடக்குக்கத்தி. பிடியில் பச்சையும் மஞ்சளுமாக டேப்.

அவர் மனைவி வசிலிக்கி பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"டொலோரஸ்... சூப்பை அடுப்புல வை, இதோ வந்துட்டேன்னு போன் பண்ணினாரும்மா. வெச்சேன். சூப்பு வத்திப் போச்சு. ஆளைக் காணோம்."

"யாரோடயாவது தகராறா?"

"அவருக்கு யாரோடதான் தகராறு இல்ல? நாளைக்குக் காலையில எங்கயோ போகணும், கோட்டை இஸ்திரி போடுன்னார். எங்கன்னு கேட்டேன். கத்தினார். விட்டுட்டேன்."

டொலோரஸ் அவள் தோளில் கை வைத்தாள்.

கான்ஸ்டபிள் டோனலி பக்கத்தில் வந்தான். வாட்டசாட்டமான ஆள். அடுத்த வாரம் பதவி உயர்வு என்று ஸ்டேஷன் முழுக்கப் பேச்சு.

"மேடம், இந்த டேப்பை எனக்குத் தெரியும். கட்டட வேலைக்காரனுங்க கருவி மாறிப் போகாம இருக்க ஆளுக்கொரு கலர் சுத்திக்குவானுங்க. பச்சை மஞ்சள்னா எவர்ட்டன். ஜமைக்காக்காரத் தச்சன். மூணு வாரம் முன்னாடி இதே கத்தியோட நிறுத்தினேன்."

"நிறுத்தி?"

"உதறிப் பார்த்தேன். திறக்கல. திருப்பிக் குடுத்துட்டேன்."

டொலோரஸ் நிமிர்ந்தாள்.

"உன் கையில திறக்காத கத்திகூட இருக்கா டோனலி?"

அவன் சிரித்தான். "அதிசயம்தான் மேடம். படு டைட்டு."

நியூயார்க்கின் சட்டம் அப்போது அப்படி. மணிக்கட்டை உதறி ஒரே கையால் திறக்க முடிந்தால் அது சட்டவிரோதக் கத்தி. திறக்காவிட்டால் வெறும் மடக்குக்கத்தி. யார் உதற வேண்டும், எத்தனை தடவை உதற வேண்டும்? சட்டம் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடி அலமாரியில் விலை போட்டு விற்கிறார்கள். வாங்கிப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினால், பாக்கெட்டுக்கு வெளியே தெரிகிற கத்தியின் கிளிப்பைப் பார்த்து போலீஸ் மடக்குகிறது. உதறுகிறது. திறக்கிறவரைக்கும் உதறுகிறது.

அப்படி உதறி உதறியே பெயர் வாங்கியவன் டோனலி. போன கிறிஸ்துமஸ் விருந்தில் 'திறக்காத கத்தியையும் திறப்பவன்' என்று எழுதிய கேக்கை வெட்டினார்கள். டொலோரஸும் ஒரு துண்டு தின்றாள்.

விசாரணை அறையில் உட்கார்ந்திருந்த எவர்ட்டனுக்கு ஐம்பது வயதிருக்கும். தலைமுடியில் ஜிப்சம் தூள். விலங்கு மாட்டிய கைகளை மடியில் வைத்திருந்தார்.

"கத்தி உங்களோடதா?"

"என்னோடதுதான் மேடம். ஆனா என்கிட்ட இல்ல. அந்த டோனலி எடுத்துட்டுப் போயிட்டார்."

"திருப்பிக் குடுத்ததா அவர் சொல்றாரே?"

எவர்ட்டன் வறட்டுச் சிரிப்பு சிரித்தார்.

"அவரா? உதறினார், திறக்கல. மறுபடி உதறினார். தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் வேடிக்கை பார்க்கறான். அஞ்சாவது உதறலுக்குத் திறந்துடுச்சு. 'உனக்கு நல்ல நேரம்டா, மேட்ச்சுக்கு டிக்கெட் இருக்கு, கேஸ் எழுதிட்டு உட்கார முடியாது, ஓடிப் போ'ன்னு சொல்லிட்டுக் கத்தியைத் தன் பாக்கெட்ல போட்டுக்கிட்டார்."

"ஏன் புகார் குடுக்கல?"

"போலீஸ் மேல போலீஸ்கிட்டயா மேடம்? போன வருஷம் இதே மாதிரி ஒரு கத்திக்கு லாக்கப்ல கிடந்தேன். தப்பிச்சோம்டா சாமின்னு வந்துட்டேன்."

"இன்னிக்குச் சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"ரூம்ல. தனியா. பொண்ணுக்கு அடுத்த மாசம் குழந்தை பிறக்கப்போகுது. தொட்டில் செஞ்சுக்கிட்டிருந்தேன்." கையிலிருந்த விலங்கைப் பார்த்தார். "சாகற வரைக்கும் உள்ளதானா மேடம்?"

டொலோரஸ் எழுந்தாள். அந்த மனுஷனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

வெளியே வந்து சுவரில் சாய்ந்தாள். கத்திப் பிடியில் ஒரு ரேகைகூட இல்லை... சுத்தமாகத் துடைத்திருந்தது. ரேகையைத் துடைக்கத் தெரிந்தவனுக்கு, தன் பெயர்ப்பலகை மாதிரி இருக்கிற டேப்பை உரிக்கத் தோன்றாதா?

மனோலிஸ் கோட்டுப் போட்டுக்கொண்டு எங்கே கிளம்பியிருப்பார்? போலீஸ்காரர்கள்மேல் வரும் புகார்களை விசாரிக்கிற ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்குக் காலையில கிரேக்கப் பெரியவர் யாராவது வர்றதா இருந்ததா?"

"மனோலிஸ்னு ஒருத்தர். என் கடை வாசல்லயே நின்னு என் வாடிக்கைக்காரங்களைப் பிடிக்கறான், ரசீது இல்லாம கத்தியைப் பிடுங்கறான்னு... டோனலின்னு ஒரு கான்ஸ்டபிள் மேல."

டொலோரஸ் போனை வைத்தாள். கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது.

டோனலி உற்சாகமாக விசாரணை அறைக்குள் வந்தான். மேஜையில் அந்தக் கத்தி. பரிசோதனை முடிந்து திரும்பியிருந்தது. சுவரிலிருந்த ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் மேலதிகாரி லெப்டினன்ட் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சின்னச் சிக்கல் டோனலி. சட்டவிரோதக் கத்தின்னு இன்னொரு கேஸையும் எவர்ட்டன் மேல சேர்க்கலாம்னு பார்த்தேன். எவன் உதறினாலும் இது திறக்க மாட்டேங்குது. லேப்ல ஆளாளுக்கு உதறிட்டாங்க. நானும் உதறினேன். கை சுளுக்கினதுதான் மிச்சம்."

"உங்களுக்கெல்லாம் வராது மேடம். குடுங்க இப்படி."

கையுறை மாட்டினான். தோளைத் தளர்த்தினான். மணிக்கட்டு லேசாக இறங்கி, சடாரென்று திரும்பியது.

டக்!

"அட... ஒரே உதறல்!" என்றாள் டொலோரஸ்.

"இதுக்குத் தனிப் பக்குவம் இருக்கு மேடம். முதல்ல கொஞ்சம் கீழ இறக்கணும், அப்புறம்..."

நிறுத்தினான்.

"சொல்லு. நல்லாத்தானே போயிட்டிருந்தது?"

டொலோரஸ் அவன் கையிலிருந்த கத்தியைக் காட்டினாள்.

"மூணு வாரம் முன்னாடி இது திறக்கலைன்னு சொன்னே. சரி... எவர்ட்டன் அஞ்சாவது உதறல்ல திறந்துச்சுன்னார். இன்னிக்கு முதல் உதறல்லயே திறக்குது. நடுவுல கத்தி தளர்ந்திருந்தா லேப்காரங்களுக்கும் திறந்திருக்கணும். தளரல. உன் கைதான் பழகியிருக்கு. திருப்பிக் குடுத்த கத்தியில எப்படிப் பழகினே?"

"மேடம், நான்..."

"நீ வர்றதுக்கு முன்னாடி உன் லாக்கரை லெப்டினன்ட் திறந்து பார்த்தார். ஒரு ஷூ பெட்டி. சிவப்பு டேப், நீல டேப், வெள்ளை டேப்... ஒண்ணுக்கும் ரசீது இல்ல."

டோனலியின் முகம் சாம்பல் பூத்தது.

"மனோலிஸ் கோட்டு போட்டுக்கிட்டு எங்க கிளம்பினார்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்படித்தானே?"

கத்தியை மேஜையில் வைத்தான்.

"அவனே என்னைக் கூப்பிட்டுச் சொன்னான் மேடம். 'நாளைக்கு உன் சீருடை கழண்டுடும்'னான். அடுத்த வாரம் எனக்குப் பதவி உயர்வு. கெஞ்சத்தான் போனேன். காரித் துப்பினான்."

"கெஞ்சப் போறவன் எவர்ட்டனோட கத்தியை எதுக்குப்பா எடுத்துட்டுப் போனே?"

டோனலி கதவைப் பார்த்தான்.

"உட்காரு டோனலி. எனக்குத்தான் முழங்கால் போச்சு. நீயாவது உட்காரு."

லெப்டினன்ட் விலங்கோடு உள்ளே வந்தார்.

விடிந்ததும் எவர்ட்டனை விட்டார்கள். போகிற வழியில் டொலோரஸின் மேஜை முன்னால் நின்றார்.

"என் கத்தி மேடம்?"

"கோர்ட்டுல சாட்சி. இப்போதைக்கு வராது."

"ரெண்டாவது தடவையும் போச்சா?" என்று பெருமூச்சு விட்டார்.

"உட்காருங்க. ஏதாவது சாப்பிட்டீங்களா?"

நேற்று விட்டுப்போன ஆரஞ்சு காய்ந்துபோய் அங்கேயே கிடந்தது. டொலோரஸ் பையிலிருந்து தன் மடக்குக்கத்தியை எடுத்து மீதித் தோலை உரித்தாள். பாதியை அவரிடம் நீட்டினாள்.

எவர்ட்டன் ஆரஞ்சைப் பார்க்கவில்லை. கத்தியைப் பார்த்தார்.

"எங்க வாங்கினது மேடம்?"

"மனோலிஸ் கடையிலதான்."

அவர் எழுந்துபோய் ஜன்னல் வழியாகத் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள வெச்சுடுங்க மேடம்... வெளியில போலீஸ் நிக்குது!"