ஏழு வாசல், ஒரே கோலம்

இளமதி காலையில் போடும் கோலம் சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். அவள் என்னவோ வெள்ளை வெளேரென்ற அரிசி மாவில்தான் போடுவாள். கறுப்பை அனுப்பிவைப்பது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு ஆலையின் புகைபோக்கி.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் மதிலை ஒட்டி ஏழு வீடுகள் வரிசையாக இருந்தன. அந்த ஏழு வீட்டிலும் துணியை உதறாமல் யாரும் உடுத்த மாட்டார்கள். சோற்றுப் பானையைத் திறந்த கையோடு மூடிவிடுவார்கள். அரிசி மாவுக் கோலம் என்றால் எறும்பு வர வேண்டுமல்லவா? இங்கே எறும்புகூட எட்டிப் பார்க்காது.

இதையெல்லாம் இளமதி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்றுதான். அவள் தம்பி தணிகைவேலுக்கு இழுப்பு. நாலு வயதுப் பிள்ளை. ஓடினால் மூச்சு வாங்கும், சிரித்தால் இருமல் வரும். "தூசு இல்லாத இடத்துல வெச்சுப் பாத்துக்கங்கம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆரணியில் பெரியம்மா வீடு இருந்தது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தணிகாவை அங்கே கொண்டுபோய் விடுவதென்று முடிவாகிவிட்டது.

"அப்புறம் எப்பம்மா வருவான்?" என்று இளமதி கேட்டாள்.

அம்மா அருணா அவனுடைய சின்னச் சட்டைகளை ஒன்றுகூட விடாமல் மடித்துப் பையில் வைத்தாள். அதுவே பதில்.

தினமும் கோலத்தின் நடுப்புள்ளியைத் தணிகாதான் வைப்பான். மற்றப் புள்ளிகளை இளமதி வைத்து முடிக்கும்வரை குந்திக்கொண்டு காத்திருப்பான். பிறகு மாவை அள்ளி நடுவில் கொட்டுவான். புள்ளி என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பார்த்தால் இட்லி மாதிரி இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை ஒரு நம்பிக்கை வந்தது. ஆலைத் தூசைப் பற்றித் தெருவே கையெழுத்துப் போட்டு அனுப்பிய மனுவைப் பார்த்துவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர் ஒருவர் நேரில் வருகிறார் என்று சொன்னார்கள். காலை பத்து மணிக்கு.

ஆபீசர் வீடு தேடி வருகிறார் என்றால் சும்மாவா? ஐந்து மணிக்கே ஏழு வீட்டுப் பெண்களும் விளக்குமாற்றோடு இறங்கிவிட்டார்கள். வாசலைக் கூட்டினார்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். ஜன்னல் கம்பிகளை ஈரத்துணியால் துடைத்தார்கள். பக்கத்து வீட்டு ஞானம்மா கூரைத் தகரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. தெரு கல்யாண வீடு மாதிரி ஆனது.

ஆபீசர் மோகன்ராஜ் வந்தார். ஜன்னல் கம்பியை விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. தரையைத் தடவினார். ஈரம்தான் ஒட்டியது. ஞானம்மா கொடுத்த எலுமிச்சை ஜூஸைக் குடித்தார்.

"நல்லா சுத்தமா வெச்சிருக்கீங்க" என்றார்.

பெண்கள் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. அவர் ஏதோ எழுதிக்கொண்டார். "அடுத்த சனிக்கிழமை பக்கத்துத் தெருவுக்கு வருவேன். அதோட ரிப்போர்ட் அனுப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் திரும்பி மறைந்ததும் இளமதி கேட்டாள். "அம்மா, தூசு எங்கம்மா?"

"காலையிலேயே கூட்டிக் கால்வாயில கொட்டியாச்சே."

"அப்போ அந்த சார் எதப் பாத்தாரு?"

அம்மா கையிலிருந்த டம்ளரோடு அப்படியே நின்றாள். ஞானம்மா தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். "ஐயோ ஏசுவே, நாமளே நம்ம தலையில மண்ணப் போட்டுகினோமே" என்றாள்.

இளமதியின் நைனா மணவாளன் உள்ளே பாயில் படுத்திருந்தார். அந்த ஆலையில்தான் அவருக்கு ஒப்பந்த வேலை. ஆபீசர் வந்தபோதுகூட அவர் வெளியே தலைகாட்டவில்லை. "வுடு கண்ணு. நம்ம சொல்லி இன்னா ஆவப்போவுது" என்று சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

சாயங்காலம் இளமதி வாசலில் போய் உட்கார்ந்தாள். அழுகை அழுகையாக வந்தது. காலையில் போட்ட கோலம் அதற்குள் சாம்பல் நிறமாகியிருந்தது. விரலால் தொட்டாள். விரல் கறுத்தது. மறுபடி தொட்டாள். ஆபீசர் விரலில் ஒட்டாததெல்லாம் அவள் விரலில் ஒட்டியது.

அவள் எழுந்து ஞானம்மா வீட்டுக்கு ஓடினாள். ஞானம்மாவின் மகள் ஷைனி அவளுடைய வகுப்புதான்.

"ஷைனி, நாளைக்கு எங்க ஊட்டு வாசல்ல கோலம் போடறேன். அத ஒரு வாரம் அழிக்கக் கூடாது. திங்கக்கெழம உங்க வாசல்ல அதே கோலம். செவ்வாக்கெழம அடுத்த ஊடு. இப்டியே ஏழு ஊடு. போட்டதுக்கப்பறம் யாரும் கூட்டக் கூடாது, தண்ணி தெளிக்கக் கூடாது."

ஷைனி கண்ணை மூடி யோசித்தாள். "சனிக்கெழம அந்த சார் வரும்போது, ஏழு நாள் தூசும் வரிசையா இருக்கும்."

"அதேதான்."

ஞானம்மா மட்டும் முரண்டு பிடித்தாள். "எனக்கு ஸ்டார் கோலம்தான் வரும்."

"ஒரே கோலமா இருந்தாதான் அத்தே வித்தியாசம் தெரியும். ஏழு புள்ளி, ஏழு வரிசை. நாங்க போட்டுக்கறோம், நீங்க கூட்டாம இருந்தா போதும்."

கூட்டாமல் இருப்பதுதான் கஷ்டம் என்று பிறகுதான் தெரிந்தது. விடிந்ததும் பெண்களின் கை தானாக விளக்குமாற்றைத் தேடியது. செவ்வாய்க்கிழமை பால்காரர் சைக்கிளை நிறுத்தி, கூட்டாத வாசல்களைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "யார் ஊட்ல சாவு?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா உள்ளே போய் அழுதாள். எழவு வீட்டு வாசல்தான் தெளிக்காமல் கிடக்கும். தணிகா கிளம்ப இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

புதன்கிழமைக் கோலம் குப்புராஜ் தாத்தா வாசலில். அவர் வளர்க்கும் கோழி அதை ஒரு மூலையில் கிளறிவிட்டது. ஷைனி அந்த மூலையைச் சரிசெய்தாள். குப்புராஜ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வாட்ச்மேன். பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நாற்காலி போட்டுக் கோலத்துக்குக் காவல் உட்கார்ந்துவிட்டார். சொந்தக் கோழியையே விசிலடித்துத் துரத்தினார்.

சாயங்காலம் ஆனால் எல்லோரும் வாசலுக்கு வந்து, எந்த வீட்டுக் கோலம் எவ்வளவு கறுத்தது என்று பார்த்தார்கள். அந்தப் பேச்சில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் நடுப்புள்ளியைத் தணிகாதான் வைத்தான். ஏழு வாசலில் ஏழு இட்லி.

சனிக்கிழமை பத்தரைக்கு ஜீப் பக்கத்துத் தெருவில் நின்றது. இளமதியும் ஷைனியும் ஓடிப்போய் ஆபீசர் முன்னால் நின்றார்கள்.

"சார், எங்க தெருவுல கோலம் போட்டிருக்கோம். பாக்கறீங்களா?" என்றாள் இளமதி.

"கோலமா? வேலை கெடக்குதேம்மா."

"ஏழு கோலந்தான் சார்."

அவர் வந்தார். அன்று காலை போட்ட ஏழாவது வீட்டுக் கோலம் அழுக்கேறத் தொடங்கியிருந்தது. ஆறாவது கறுத்திருந்தது. ஐந்தாவது அதைவிடக் கறுப்பு. நாலாவதில் கோடுகளைத் தேட வேண்டியிருந்தது. அவர் நடக்க நடக்கக் கோலங்கள் இருட்டிக்கொண்டே போயின. இளமதி வீட்டு வாசலில், ஞாயிற்றுக்கிழமைக் கோலம் இருந்த இடத்தில் கறுப்பு மட்டும்தான் இருந்தது.

"இங்க எங்கம்மா கோலம்?" என்றார்.

"இருக்குது. எம் புள்ளி இருக்குது" என்றான் தணிகா. யாரும் தடுப்பதற்குள் முழங்காலிட்டு, நடுவில் லேசாக மேடு தட்டியிருந்த இடத்தில் வாயை வைத்து ஊதினான். கரி பறந்தது. அடியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

அடுத்த நொடி அவனுக்கு இருமல் பிடித்தது. நெஞ்சு மேலும் கீழும் போனது. மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். மருந்து கொடுத்தும் இழுப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதுவரை ஆபீசர் வாசலை விட்டு நகரவில்லை.

நைனா வெளியே வந்தார். "நான் அங்கதான் சார் வேல செய்யறேன்" என்றார். "பனி நேரத்துலதான் பொகைய நெறைய வுடுவாங்க. என் பேரயும் எழுதிக்கங்க."

ஆபீசர் எழுதினார். ஏழு கோலத்தையும் படம் எடுத்தார். போகும்போது இளமதியிடம், "எழுதி அனுப்பறது என் வேலை. அதச் செய்யறேன். மத்தது என் கையில இல்லம்மா" என்றார். பொய்யாக ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் புதுவாயல் நிறுத்தத்தில் அம்மாவும் தணிகாவும் பஸ் ஏறினார்கள். ஜன்னல் வழியே தணிகா கத்தினான். "அக்கா, எம் புள்ளிய நீ வெக்காத."

"வெக்க மாட்டேன்" என்றாள் இளமதி. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றாள்.

அதன்பிறகு நாற்பத்தெட்டுப் புள்ளிதான். நடுவில் ஓர் ஓட்டை. சில நாள் கோலம் போடாமலே விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஷைனி மாவுக் கிண்ணத்தோடு வந்து நிற்பாள். வேறு வழியில்லாமல் போடுவாள். அவனை விட்டுவிட்டுத் திரும்பிய அம்மா சிரித்து வெகு நாளாகியிருந்தது.

மாசி முடியும்போது புகைபோக்கிக்குப் பக்கத்தில் பெரிய தகரக் கூண்டு ஒன்று எழும்பியது. "பில்டர். பொகையில இருக்கற தூச இது புடிச்சிக்கும்" என்றார் நைனா. அவருக்கு வேலை போகவில்லை. தூசும் முழுசாகப் போகவில்லை. ஆனால் ஒரே நாளில் கறுத்த கோலம், இப்போது கறுக்க நாலு நாள் எடுத்துக்கொண்டது. ஏழு வீட்டுக்காரர்களும் கோலத்தைப் பார்த்தே கணக்குச் சொன்னார்கள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மா தணிகாவை அழைத்துக்கொண்டு வந்தாள். அன்று ஒரு நாள் மட்டும் இருந்து பார்ப்பதாகப் பேச்சு. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் கோலத்துக்குப் போனான். நடுவில் அவனுடைய இடம் காலியாக இருந்தது.

மாவை அள்ளிக் கொட்டினான். பழைய இட்லியைவிடக் கொஞ்சம் பெரிய இட்லி. ஷைனி சிரித்தாள், அவனும் சிரித்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் நெஞ்சையே பார்த்தார்கள். இருமல் வரவில்லை.

"அக்கா, இங்க பாரு" என்றான் தணிகா.

வாசற்படி இடுக்கிலிருந்து ஓர் எறும்பு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. சுற்றியிருந்த நாற்பத்தெட்டுப் புள்ளியையும் விட்டுவிட்டு, இரண்டும் நேராக அவனுடைய புள்ளிக்குப் போயின.